பாலமும் படியும் தந்த பெரியவர்



நம் கேத்திப் பங்கில் சென்னைக்குப் போய்வராத குடும்பம் அபூர்வம். பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பலர் வேலையில் இருக்கிறார்கள். வைத்தியத்துக்கென்று போகிறவர்களும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் இரயிலேறி விடியற்காலையில் சென்னையில் இறங்குகிற நம்மவர்கள், போன காரியம் முடிந்ததும் சாந்தோம் கோயிலுக்கும், சின்னமலைக்கும், பரங்கிமலைக்கும், ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டே ஊர் திரும்புவார்கள். பரங்கிமலைக்குப் படியேறியவர்களைக் கேட்டால், படி எத்தனை என்பதைக் கால்வலியோடு சேர்த்துச் சொல்லுவார்கள். ஆனால் அந்தப் படிகளை அமைத்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லுகிறவர்கள் சிலரே. அவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறோம்.

அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. வியாபாரி. நம் தேசத்தவருமல்ல. பாரசீக நாட்டில் பிறந்த ஆர்மேனியர். பெயர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். கோஜா என்பது பெரிய வணிகர்களுக்கு அக்காலத்தில் வழங்கிய மரியாதைப் பட்டம். பெத்ரூஸ் என்பது நாம் இராயப்பர் என்று அழைக்கும் அதே பெயர். நம் முன்னோர் வழக்கப்படி சொன்னால் இவரை உஸ்கான் இராயப்பப் பிள்ளை என்றே சொல்லலாம்.

ஆர்மேனியர் மிகப் பழமையான கிறீஸ்தவ ஜாதியார். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்களுடைய அரசன் ஞானஸ்நானம் பெற்று, நாடும் சத்திய வேதத்தைத் தழுவியது. 1600-க்குப் பின் சில ஆண்டுகளில், பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், அராஸ் நதிக்கரையிலிருந்த ஜூல்பா என்னும் ஊரைக் காலிசெய்வித்து, அதன் மக்களைத் தம் தலைநகரான இஸ்பஹானுக்கு அருகே கொண்டுவந்து குடியேற்றினார். சொந்த ஊரை இழந்தவர்கள் புதிய ஊருக்கும் ஜூல்பா என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து பட்டும் வைரமும் துணியும் சுமந்து, ஒருபுறம் ஐரோப்பா வரையிலும் மறுபுறம் பிலிப்பைன் தீவுகளின் மணிலா வரையிலும் வியாபாரம் செய்தார்கள். போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது ஒரு பண்டகசாலை. அடுத்துக் கேட்டது ஒரு கோயில்.

இந்தப் புதிய ஜூல்பாவில் 1680-ம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் நம் பெத்ரூஸ். 1722-ல் ஆப்கானியர் படையெடுத்து இஸ்பஹானைப் பிடித்தபோது ஜூல்பாவும் பெருந்துன்பம் அடைந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான், 1724-ம் ஆண்டளவில், நாற்பது வயது கடந்த பெத்ரூஸ் சென்னையில் நிலையாகக் குடியமர்ந்தார். மணிலாவுடன் அவருக்குப் பெரிய வியாபாரம். ஸ்பானியர் ஆண்ட மணிலாத் துறைமுகத்தில் ஆங்கிலக் கப்பல்களுக்கு நேர் அனுமதி இல்லை. ஆர்மேனியருக்கோ தடை இல்லை. ஆகவே சென்னைத் துணிகள் ஆர்மேனியர் பெயரில் மணிலா போய், வெள்ளியாகத் திரும்பி வந்தன. ஆங்கிலக் கம்பெனியார் இவரை அருமையாக நடத்தியதற்கு இதுவே முதல் காரணம்.

அவர் வந்து சேர்ந்த சென்னை எப்படிப்பட்ட ஊர் என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. 1639-ல் ஆங்கிலக் கம்பெனி மணல்மேட்டில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய ஊர் அது. கோட்டை எழுந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே, 1642-ல், பிரெஞ்சு தேசத்துக் கப்புச்சீன் சபைக் குருவானவர் எப்ரேம் சுவாமி அங்கே தங்கினார். கம்பெனியில் இருந்தவர்கள் பிராட்டஸ்டண்டு சபையார். ஆனால் கோட்டையில் குடியிருந்த போர்த்துக்கீசியரும் அவர்கள் வழிவந்தவரும் கத்தோலிக்கர். அவர்களை நிறுத்திக்கொள்ள வேண்டுமானால் ஒரு கத்தோலிக்கக் குரு வேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. அப்படிக் கோட்டைக்குள் அர்ச். பெலவேந்திரர் ஆலயம் எழுந்தது. ஆங்கிலேயர் தமக்கென்று கட்டிய அர்ச். மரியாள் ஆலயம் அதற்குப் பல ஆண்டுகள் பின்னர், 1678-ல் அஸ்திவாரமிடப்பட்டு 1680-ல் அபிஷேகம் பெற்றது. அது இன்றும் கோட்டைக்குள் நிற்கிறது.

யூதரும் அந்த ஊரில் இருந்தனர். பவழம் கொண்டுவந்து விற்று வைரம் வாங்கிச் சென்ற போர்த்துக்கீசிய யூதர்கள் அவர்கள். 1688-ல் சென்னை நகரசபை தொடங்கியபோது பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் மூவர் யூதர் என்றால் அவர்களுடைய செல்வாக்கை அறிந்துகொள்ளலாம். பவழக்காரத் தெரு என்னும் பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. பெத்துநாயக்கன்பேட்டையில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டமும் செபக்கூடமும் இருந்தன.

ஆர்மேனியருக்கும் அதே 1688-ம் ஆண்டு முக்கியமானது. அந்த ஆண்டு இலண்டனில் கம்பெனி அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. கம்பெனியின் ஊர்களில் எங்கே நாற்பது ஆர்மேனியர் குடியேறுகிறார்களோ, அங்கே கோயிலுக்கு இடமும், முதலில் மரத்தாலான ஒரு கோயிலும், ஏழாண்டுகளுக்குக் குருவானவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளமும் தருவதென்று கம்பெனி ஒப்புக்கொண்டது. சென்னையில் அவர்களுடைய முதல் கோயில் 1712-ல் எழுந்தது. இன்று ஆர்மேனியன் தெருவில் நாம் காண்பது 1772-ல் கட்டப்பட்டது.

ஆர்மேனியரில் பெரும்பாலோர் தங்கள் சொந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். பெத்ரூஸ் உரோமைத் திருச்சபையோடு ஒன்றித்த கத்தோலிக்கர். ஆகவே கப்புச்சீன் சுவாமிமாரே அவருடைய ஞான மேய்ப்பர்கள்.

பணம் சேர்ந்ததும் அவர் என்ன செய்தார்? அக்காலத்தில் சென்னையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டும். அங்கே பாலம் இல்லை. கோடையில் ஆற்றுமணலில் நடந்துவிடலாம். மழைக்காலத்திலோ, வெள்ளம் வந்தால் இந்தக் கரையில் நிற்பவர் இந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். நீலமலையில் வாழும் நமக்கு, ஒரு மண்சரிவு விழுந்தால் போக்குவரத்து என்னவாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெத்ரூஸ் தம் சொந்தச் செலவில் சைதாப்பேட்டைக்கருகே அடையாற்றின் குறுக்கே வளைவுகள் கொண்ட பாலம் ஒன்றைக் கட்டினார். ஆண்டு 1726. இதற்குச் சுமார் 30,000 வராகன் செலவாயிற்று என்று சொல்லப்படுகிறது. மார்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அதை அழைத்தனர். மாம்பலம் என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அப்படித் திரிந்தது.

பாலம் கட்டியவர் அத்தோடு நிற்கவில்லை. பரங்கிமலை உச்சியில் தேவமாதாவின் ஆலயம் இருக்கிறது. 1547-ல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது பழங்காலக் கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அர்ச். தோமையார் வேதசாட்சியாக மரித்த இடம் என்று நம் முன்னோர் போற்றும் மலை அது. அந்தத் தோமையாரின் கிறீஸ்தவர்கள் யாரேனும் எஞ்சியிருக்கிறார்களா என்று தேடியே 1603-ல் பெனிசியோ சுவாமி நம் நீலமலைக்கும் ஏறிவந்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம். பரங்கிமலைக்கு ஏறுகிறவர்கள் அதுவரை கல்லிலும் முள்ளிலும் ஏறினார்கள். பெத்ரூஸ் அடிவாரத்திலிருந்து உச்சிவரை அகலமான கருங்கற் படிகளை, நூற்றுக்கும் மேலாக, அமைத்துக் கொடுத்தார். பாலமும் படியும் ஒரே எண்ணத்தின் இரு பாகங்கள். ஆற்றைக் கடத்திவிட்டு மலையடியில் விட்டுவிடாமல், சந்நிதிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கட்டியதைப் பராமரிக்க அவர் தனியே பணமும் ஒதுக்கிவைத்தார். நம் மலையில் தடுப்புச்சுவர் கட்டுகிறவர்கள் பலர். அதன் பின்னால் நீர் வடிகிற வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாருகிறவர்கள் சிலர். சுவர் இடிந்த பின்புதான் வாய்க்கால் நினைவு வரும். கட்டுவது ஒருநாள் பெருமை, காப்பது பலநாள் பொறுப்பு என்பதை அந்த வியாபாரி அறிந்திருந்தார்.

வேப்பேரியிலும் அவர் அற்புத மாதா பெயரால் ஒரு சிற்றாலயம் கட்டிக் கப்புச்சீன் சுவாமிமாரின் பூசைக்கு விட்டார். தாம் இறந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இப்படிச் சீரும் சிறப்புமாக இருபதாண்டுகளுக்கு மேல் சென்றன. அதன்பின் சோதனை வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். புதுச்சேரியில் ஆண்ட தூப்ளே, சென்னையில் பெத்ரூஸுக்கிருந்த வீடுகளையும் சொத்துக்களையும் பறிமுதல் செய்தார். பிரெஞ்சு ஆட்சிக்குக் கீழ்ப்படிந்து அவர்கள் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டால் அனைத்தும் திருப்பித் தரப்படும் என்று அவருக்கு அறிவிக்கப்பட்டது.

அவர் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் கத்தோலிக்கர், இவரும் கத்தோலிக்கர். இவருக்குப் பூசை வைத்த கப்புச்சீன் சுவாமிமாரும் பிரெஞ்சு தேசத்தவரே. ஆங்கிலேயரோ வேறு சபையார், அதிலும் தோற்றுப்போனவர்கள். வயதோ அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் வீடும் செல்வமும் திரும்பக் கிடைக்கும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. டேனியர் ஊராகிய தரங்கம்பாடியில் போய்த் தங்கினார். ஆங்கிலேயர் என்றாவது திரும்பி வருவார்கள் என்ற வியாபாரக் கணக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம். வியாபாரி கணக்குப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் கணக்கு எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாத நாளில், இருபதாண்டு உழைப்பை விட்டுக்கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். அதை நஷ்டப்பட்டுக் காட்டியவர் இவர்.

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. 1749-ல் சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிற்று. பெத்ரூஸும் திரும்பிவந்தார். வந்தவருக்குக் காத்திருந்தது என்ன? கத்தோலிக்கர்கள் யுத்தத்தில் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற சந்தேகம் கம்பெனியார் மனதில் ஊன்றிவிட்டது. கோட்டையை அடுத்த வெள்ளையர் பட்டணத்தில் கத்தோலிக்கரோ ஆர்மேனியரோ வீடு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டளை பிறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நின்ற அர்ச். பெலவேந்திரர் ஆலயம் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. பெத்ரூஸுக்கு மட்டும், அவருடைய விசுவாசத்தை முன்னிட்டு, தம் வீட்டை வைத்துக்கொள்ள விலக்கு அளித்தார்கள். தம் ஜாதியாரும் தம் வேதத்தாரும் வெளியேற்றப்பட, தாம் ஒருவர் மட்டும் உள்ளே இருக்க அனுமதி பெறுவது எப்படிப்பட்ட மரியாதை என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1751 ஜனவரி 15-ம் நாள், எழுபதாம் வயதில், கோஜா பெத்ரூஸ் உஸ்கான் சென்னையில் மரித்தார். அவர் விரும்பியபடியே உடல் வேப்பேரி அற்புத மாதா ஆலயத்தில் அடக்கமாயிற்று. இருதயத்தை மட்டும் தனியே எடுத்து, பேழையில் வைத்து, கடல்கடந்து ஜூல்பாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களின் மனம் இரண்டு ஊரிலும் கிடக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். தோட்ட வேலைக்கென்று சமவெளியிலிருந்தும், அக்கரையில் இலங்கையிலிருந்தும் இந்த மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பங்கில் இருக்கிறார்கள். உடல் இங்கே, உள்ளம் அங்கே என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பார்கள். இவருக்கு அது சொல்லளவில் நிற்கவில்லை; அப்படியே நடந்தது.

அவர் மரித்த மறு ஆண்டில், 1752-ல், கம்பெனியார் அந்த வேப்பேரி ஆலயத்தையும் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து, ஜெர்மனி தேசத்து லுத்தரன் போதகர் பப்ரீசியுஸ் கையில் ஒப்படைத்தார்கள். யாருக்காகத் தம் சொத்தை இழந்தாரோ, அவர்களே அவர் கட்டிய கோயிலை அவருடைய திருச்சபையிடமிருந்து பறித்தார்கள். அவர் எலும்புகள் இன்னும் மண்ணோடு மண்ணாகாத காலத்தில் அது நடந்தது. இதை அநியாயம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. பப்ரீசியுஸ் போதகர் வேப்பேரியில் பல்லாண்டு தங்கி, தமிழை ஆழமாகக் கற்றார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சுயந்திரம் வேப்பேரியில் அவரிடம் கொடுக்கப்பட்டது. அந்த அச்சகத்திலிருந்து அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடும், 1779-ல் அவருடைய தமிழ் அகராதியும் வெளிவந்தன. அந்த அகராதி பின்வந்த அகராதிகளுக்கெல்லாம் துணையாயிற்று. பெத்ரூஸ் நினைத்தது ஒன்று. அந்த நிலத்தில் விளைந்தது வேறொன்று. பறித்தது பறித்ததுதான். ஆனால் அங்கே வந்து உழைத்தவர் சோம்பி இருக்கவில்லை என்பதையும் உண்மைக்காகச் சொல்லத்தான் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அர்ச். மத்தியாஸ் ஆலயம் எழுந்தது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் வளாகத்தில்தான் நம் பெத்ரூஸின் கல்லறைக் கல் இருக்கிறது. அவர்கள் அதை எறிந்துவிடவில்லை, வைத்திருக்கிறார்கள்.

மற்றவையெல்லாம் என்னவாயின? மார்மலாங் பாலம் இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் வண்டியும் மனிதரும் வெள்ளமும் தாங்கி நின்றது. அதன் இடத்தில் 1966-ல் புதுப்பாலம் கட்டி, தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரை இட்டார்கள். பழைய பாலம் போன பின்னும் அதன் நினைவுக் கல் வடகரையில் தங்கிற்று. கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட கப்புச்சீன் சுவாமிமாரின் மரபுதான் ஆர்மேனியன் தெருவில் சம்மனசுகளின் இராக்கினி ஆலயமாகத் தழைத்தது. அந்தோணியாரிடம் நம்மவர் போவது அந்தக் கோயிலுக்கே. அதன் வாயிலில் 1642 என்ற ஆண்டு பொறித்திருக்கக் காணலாம். அதே தெருவில் ஆர்மேனியர் கோயிலும் ஆறு பெரிய மணிகளோடு நிற்கிறது. உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையை 1794-ல் சென்னையில் அச்சிட்ட குருவானவரின் கல்லறை அங்கே இருக்கிறது. மணி இருக்கிறது, பீடம் இருக்கிறது. நிலையான பங்கு மக்கள் இல்லை. யூதரின் செபக்கூடம் மறைந்துவிட்டது. எஞ்சிய கல்லறைக் கற்களை 1983-ல் லாயிட்ஸ் சாலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஒருகாலத்தில் நகரத்தை நடத்தியவர்களின் நினைவுக்கு இன்று சாட்சி சில கற்களும் ஒரு தெருப் பெயரும்தான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கோயில் கட்டடத்தால் மட்டும் நிற்பதில்லை. வந்து முழந்தாளிட ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கிக்கொண்டேயிருக்கும் இக்காலத்தில், ஆர்மேனியர் கோயிலின் வெறும் பீடம் நமக்கு ஓர் எச்சரிக்கை. இறங்கிப் போகிறவர்கள் போகிற ஊரின் பங்கில் பேர் பதிந்து, அங்கே ஞாயிறு பூசைக்குத் தவறாதிருக்கட்டும். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் இங்கே கோயிலை வெறிச்சோட விடாதிருக்கட்டும்.

இரண்டாவது, பழைய வழக்குகளைப் பற்றியது. நம் கேத்திப் பள்ளத்தாக்கில் 1846 முதல் பாசல் மிஷனார் உழைத்தார்கள். அவர்கள் வழிவந்த சபையாரும் நாமும் இன்று ஒரே பேருந்தில் போகிறோம், ஒரே சந்தையில் காய்கறி விற்கிறோம், பெண் கொடுத்துப் பெண் எடுத்தும் இருக்கிறோம். எந்த இடம் யாருடையது, எந்தச் சபை யாரை இழுத்தது என்னும் பழங்கதைகள் கலியாண வீட்டிலும் இழவு வீட்டிலும் தலைகாட்டுவதுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் பிரிந்த சகோதரரோடு ஒன்றிப்பை நாடவும், 1965-ல் யூத மக்களைப் பகையாமல் மதிக்கவும் நமக்குக் கற்பித்தது. நடந்த அநியாயத்தை மறைக்கும்படி அது கேட்கவில்லை. அநியாயத்தைச் சொத்துப்போல் பேரன் பேத்திக்கு எழுதிவைக்காதே என்று கேட்கிறது. வேப்பேரியில் நம்முடையவர் ஒருவரின் கல்லறையை அவர்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துவருகிறார்கள். அதை எண்ணி நன்றி சொல்லுவது நமக்குக் குறைவல்ல.

மூன்றாவது, கொடுப்பதைப் பற்றியது. பெத்ரூஸ் கோயிலுக்கும் கொடுத்தார், ஆற்றுக்கும் கொடுத்தார். பாலத்தில் போனவர்களில் கிறீஸ்தவர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர் என்று அவர் எண்ணவில்லை. பறிக்கக்கூடிய கோயில் பறிபோயிற்று. ஊராருக்கென்று போட்ட பாலத்தை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. ஏனெனில் அது ஏற்கெனவே எல்லாருடையதாக இருந்தது.

அடுத்தமுறை சென்னை போகிறவர்கள் பரங்கிமலைப் படியேறும்போது, பாதியில் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில், இந்த ஆத்துமத்துக்காக ஒரு பரமண்டல மந்திரமும் ஒரு மங்கள வார்த்தையும் சொல்லுங்கள். நேரமிருந்தால் வேப்பேரிக்கும் போய், வளாகத்தில் இருப்பவர்களிடம் வணக்கமாகக் கேட்டு, அந்தக் கல்லறையையும் கண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் பங்குக் குரு